1967 சீனியர் டிடி: செயின் அறுந்திருக்காவிட்டால் அகோஸ்தினி ஜெயித்திருப்பாரா?

ஐல் ஆஃப் மேன் தீவின் டூரிஸ்ட் ட்ராஃபி (டிடி) பைக் பந்தயங்களில் அன்று 500சிசி-க்கானது சீனியர். அதில் எம்வி ஓட்டிய அகோஸ்தினியின் செயின் அறுந்தது, ஹோண்டா ஓட்டிய ஹெய்ல்வுட் ஜெயித்தார். செயின் தாங்கியிருந்தால் அகோஸ்தினி ஜெயித்திருக்கலாம். ஆனால் "ஹெய்ல்வுட்டுக்கு அதிர்ஷ்டம்" என்று முடித்துவிடுவது அநியாயம். ஓட்டத்தின் பாதியிலிருந்தே ஹெய்ல்வுட்டின் வண்டியும் சரியாக இல்லை.

ஐல் ஆஃப் மேன் மலைப்பாதை ஒரு சுற்று 37.73 மைல், சீனியருக்கு ஆறு சுற்று. எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். நேரக் கணக்கில்தான் முன்னிலை. ஜூன் 16, அகோஸ்தினியின் 25-வது பிறந்தநாள். நின்ற நிலையிலிருந்து கிளம்பிய முதல் சுற்றிலேயே அவர் மணிக்கு 108.38 மைல் சராசரி! ஹெய்ல்வுட் இரண்டாம் சுற்றில் 108.77 போட்டார். அந்தச் சாதனை 1975 வரை உடையவில்லை.

பெட்ரோல் போட நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஹோண்டாவின் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) பிடி ஹேண்டில்பாரை விட்டுக் கழன்று வந்துகொண்டிருந்தது. ஹெய்ல்வுட் ஒரு சுத்தியலை வாங்கி, பிடியை உள்ளே அடித்துவிட்டுக் கிளம்பினார். அது நிற்கவில்லை. பிடி வழுக்கினால் ஓட்டுபவர் அதை முறுக்கிக்கொண்டே உள்பக்கமாகத் தள்ளியும் பிடிக்க வேண்டும். வலது கையால் ஹேண்டில்பாரை நம்பி இழுக்க முடியாது. அவர் ஓட்டிய ஹோண்டா ஆர்சி181 போன்ற வண்டியில் இது இரட்டைத் தலைவலி. இன்ஜினில் சக்தி ஏராளம், ஃப்ரேம் அதற்கு ஈடுகொடுக்காது. வேகத்தில் நெளியும் வண்டியை இரண்டு கையாலும் அடக்கியே ஆக வேண்டும். எம்வி-யின் மூன்று சிலிண்டர் வண்டியோ சொன்னபடி கேட்கும்.

ஐந்தாம் சுற்று. மலையிலிருந்து இறங்கும் வழியில், விண்டி கார்னரில் அகோஸ்தினியின் செயின் அறுந்தது. இந்தப் பாதை செயினைக் கொல்லும் பாதை. பல்லா பாலம் மாதிரி இடங்களில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். த்ராட்டில் திறந்திருந்தால் காற்றில் வேகமாகச் சுழலும். தரை தொட்ட நொடியில் டயர் பிடிக்க, அந்த வெட்டு முழுவதும் செயினில் இறங்கும். சுற்றுக்குச் சுற்று இதுதான். ஹெய்ல்வுட் 105.62 சராசரியில் முடித்தார். அந்த வாரம் 250சிசி, 350சிசி பந்தயங்களையும் அவரே ஜெயித்திருந்தார்.

பலர் கவனிக்காத ஒன்று: அந்த வருட உலகப் பட்டத்தை முடிவு செய்தது இந்தச் செயின் அல்ல. 500சிசி-யில் மொத்தம் பத்துப் பந்தயங்கள், சிறந்த ஆறு முடிவுகள் மட்டுமே கணக்கு. வெற்றிக்கு 8 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6. இருவருக்கும் ஐந்து வெற்றி, ஒரு இரண்டாமிடம் சேர்த்து 46. அகோஸ்தினி இங்கே இரண்டாவதாக வந்திருந்தாலும் அதே 46-தான். கடைசியில் சமன் உடைந்தது இரண்டாமிடங்களின் எண்ணிக்கையில்: அகோஸ்தினிக்கு மூன்று, ஹெய்ல்வுட்டுக்கு இரண்டு, பட்டம் அகோஸ்தினிக்கு. இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஹெய்ல்வுட்டின் கியர்பாக்ஸ் கடைசிக் கட்டத்தில் மக்கர் செய்து அவரை இரண்டாமிடத்துக்குத் தள்ளியது. அங்கே ஜெயித்திருந்தால் அவருக்கு 48, பட்டமும் அவருக்கே.