பிளாங்க்டன் கவுண்டரும் வலையும் வேறு வேறு எண் தந்தால் எதை நம்புவது?

கனடாவின் ஹாலிஃபாக்ஸில் கடலியல் படிக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கடலடிப் பள்ளமான எமரால்டு படுகையில், பிளாங்க்டனை (நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிற்றுயிர்களை) எண்ணும் லேசர் பிளாங்க்டன் கவுண்டரை இறக்கினோம், அதே இடத்தில் 200 மைக்ரான் வலையும் இழுத்தோம், கருவி காட்டிய எண்ணிக்கை வலையில் கிடைத்ததைவிடப் பல மடங்கு. கருவி பழுதா?

பழுதாக இருக்காது. அந்தக் கருவி பிளாங்க்டனை எண்ணுவதில்லை, 7-க்கு 7 செ.மீ. வாய்க்குள் ஒளியை மறைத்துக்கொண்டு போகும் எதையும் எண்ணுகிறது. கோபிபாட் என்ற சின்னஞ்சிறு ஓட்டுயிர் போனாலும் கணக்கு, டயாட்டம் என்ற நுண்பாசி செத்துத் திரண்ட கட்டி போனாலும் கணக்கு, கப்பல் கிளப்பிய காற்றுக்குமிழி போனாலும் கணக்குதான். அதனால் கடலின் மேல்மட்டத்துத் தரவைச் சந்தேகத்தோடே பாருங்கள்.

அப்புறம் அளவு. நிழலின் பரப்பை அதற்குச் சமமான உருண்டையின் விட்டமாக மாற்றித்தான் கருவி தருகிறது, ஆகவே ஒல்லியாக நீண்ட கோபிபாட் அதன் உடல் நீளத்தைவிடச் சிறியதாகப் பதிவாகும், கண்ணாடி போன்ற உயிர் இன்னும் சிறியதாக. கருவி 100 மைக்ரானிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது, உங்கள் வலையோ அதையெல்லாம் நழுவ விட்டுவிடும். மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடாதீர்கள். வலைக்கண் அளவுக்குக் கீழே உள்ளதையும் அதற்குச் சற்று மேலே உள்ளதையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை அளவுவாரியாகப் பாருங்கள், வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

நீரின் கொள்ளளவையும் சரிபாருங்கள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அந்த வாய் வழியே போவது நொடிக்கு 4.9 லிட்டர்தான், அரிதான பெரிய உயிர்களுக்கு இது போதவே போதாது. வலையில் ஃப்ளோமீட்டர் (உள்ளே போன நீரை அளக்கும் கருவி) கட்டியிருந்தீர்களா? பாசி அடைத்த வலை கயிற்றின் நீளக் கணக்கைவிடக் குறைவான நீரைத்தான் வடிக்கும், எண்ணிக்கையும் பொய்யாகக் குறையும்.

இவ்வளவு சொன்னாலும் எமரால்டு படுகைக்கு இந்தக் கருவி மிகப் பொருத்தமானது என்பேன். பெட்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் அலெக்ஸ் ஹெர்மன் இதன் முன்னோடியை உருவாக்கியதும் அந்தக் கரையில்தான். கோடை முடிந்து கலானஸ் என்ற கோபிபாட் வகை ஆழத்தில் அடைந்து கிடக்கும்போது ஏறக்குறைய ஒரே அளவு உடல்கள் என்பதால் வரைபடத்தில் தனி மேடாகத் தெரியும், எந்த ஆழத்தில் அடர்ந்திருக்கிறது என்பதும் அப்படியே வந்துவிடும். அடியிலிருந்து மேல்வரை ஒரே இழுப்பாக இழுத்த வலை அதைச் சொல்லாது.

அது கலானஸ்தானா என்பதற்கு மட்டும் வலை மாதிரி வேண்டும். அந்த மேடு இருக்கும் ஆழத்தில் திறந்து மூடும் வலையை விட்டு, பிடித்ததை நுண்ணோக்கியில் இனவாரியாக எண்ணி, அந்த விகிதத்தைக் கருவியின் எண்ணிக்கைக்குப் போடுங்கள்.