எடிட்டிங் கேள்வி-பதில்: உடைந்த தமிழும் காணாமல் போன கிளிப்பும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, விண்டோஸா மேக்கா, எதில் எடுத்த வீடியோ என்ற விவரமே இல்லை. "வீடியோ ஓட மாட்டேங்குது, உதவுங்க" என்று மட்டும் எழுதினால் என்ன பதில் சொல்வது? விவரம் எழுதியவர்களுக்கு முதலிடம்.

பிரீமியர், டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட். இந்த மூன்று எடிட்டிங் மென்பொருள்களில் புதிதாகக் கற்க எது நல்லது? (பொங்கோல் வாசகர்)

செலவு செய்ய விருப்பமில்லை என்றால் ரிசால்வ். இலவசப் பதிப்பிலேயே அல்ட்ரா எச்டி (4கே) வரை வெளியே எடுக்கலாம். கட்டண ஸ்டுடியோ பதிப்புக்கு உரிய எஃபெக்ட்டுகளைத் தொடாதவரை வாட்டர்மார்க் விழாது. ஃபைனல் கட் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான். வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் பிரீமியரும் தெரிந்திருக்க வேண்டும். எதுவானாலும் ஒன்றைப் பிடித்து ஆறு மாதம் விடாமல் உட்காருங்கள். ட்ரிம், ரிப்பிள், இன்சர்ட், ஓவர்ரைட், ஜே-கட், எல்-கட் என்ற வெட்டும் முறைகள் எல்லாம் எங்கும் ஒன்றுதான், பட்டன்தான் இடம் மாறும். மாதம் ஒரு மென்பொருள் மாற்றுபவர்கள் மெனுவை மட்டுமே கற்கிறார்கள்.

1,500 சிங்கப்பூர் வெள்ளிக்குள் எந்த லேப்டாப் வாங்கலாம்? (தெம்பனிஸ் மாணவர்)

ரேம் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், 4கே என்றால் 32. கொஞ்சம் மிச்சம் பிடித்து ஒரு டெராபைட் வெளி எஸ்எஸ்டி வாங்குங்கள். அதற்கும் திணறினால் ப்ராக்ஸி (மூல வீடியோவின் சின்னப் பிரதி) போட்டு வெட்டுங்கள்.

ஐயா, நேற்று வரை நன்றாக இருந்த புராஜெக்ட்டை இன்று திறந்தால் எல்லாம் சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' என்று வருகிறது. என் உழைப்பெல்லாம் போய்விட்டதா? (உட்லண்ட்ஸ் வாசகி)

போகவில்லை அம்மா. புராஜெக்ட் ஃபைல் கணக்குப் புத்தகம் மாதிரி. பணம் வேறு பெட்டியில் இருக்கிறது. எந்த கிளிப்பை எங்கே வெட்டினீர்கள் என்பது மட்டும்தான் அதில் உண்டு. கிளிப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றினீர்களா, பெயரை மாற்றினீர்களா, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டீர்களா? மூன்றில் ஒன்றைச் செய்திருப்பீர்கள். கிளிப் இப்போது இருக்கும் இடத்தை ரீலிங்க் செய்து காட்டுங்கள், அத்தனையும் திரும்பி வரும்.

ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் "மெமரி கார்டிலிருந்தே நேராக எடிட் செய்தேன், பிறகு கார்டை என் தம்பி ஃபார்மட் செய்துவிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கார்டில் இனி ஒன்றுமே எடுக்காதீர்கள், மீட்பு மென்பொருளில் போட்டுப் பாருங்கள். புதிதாக எதுவும் பதிவாகாமல் இருந்தால் வாய்ப்பு உண்டு. எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! கார்டிலிருந்து முதலில் இரண்டு டிஸ்க்கில் பிரதி, பிறகுதான் மென்பொருளைத் திறப்பது.

பிரீமியரில் தமிழில் டைட்டில் போட்டால் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கிறது. வாடிக்கையாளர் கவனிக்கவில்லை, அதனால் அப்படியே கொடுத்துவிட்டேன். இனி என்ன செய்யலாம்? (ஜூரோங் வெஸ்ட், கல்யாண வீடியோ எடுப்பவர்)

வாடிக்கையாளர் கவனிக்கவில்லை என்பது ஒரு சமாதானமா? நீங்கள் கவனித்தீர்கள் அல்லவா? போன தீபாவளிக்கு ஒரு சமூக மன்ற விருந்தில் பெரிய திரையில் 'வரவேற்கிறோம்' ஓடியது. வே-யின் இரட்டைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. றோ-வின் கொம்பும் காலும் ற-வுக்கு வலப்பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. முன்வரிசையில் பாட்டிமார்கள், தமிழ் படிக்கும் பிள்ளைகள். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆங்கில டைட்டிலில் ஒரு எழுத்து பிசகினால் அன்றைக்கே திருப்பி அனுப்புகிறார்கள், தமிழ் உடைந்தால் மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு இது ஆறவே ஆறாது.

காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். யூனிகோடில் (கணினி எழுத்துகளைப் பதியும் பொது முறை) 'கெ' என்பது க முதலில், கொம்பு பிறகு என்றுதான் பதிவாகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் எழுத்து எஞ்சின் வேலை. பிரீமியரில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பிரிஃபரன்ஸஸ் போய், கிராஃபிக்ஸ் பகுதியில் 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்'. பழைய டெக்ஸ்ட்டை நம்பாமல் புதிதாக ஒரு லேயர் போட்டு அடித்துப் பாருங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் இதே தேர்வு பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதியில் இருக்கிறது.

அடுத்தது ஃபான்ட். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் மூன்றும் இலவச யூனிகோடு ஃபான்ட்கள். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்ததைக் கொண்டுவந்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டாதீர்கள், பல மென்பொருள்களில் கொம்பு எழுத்தை விட்டு விலகிப் போய்விடும். ஒவ்வொரு எழுத்தாகப் பறந்து வரும் அனிமேஷன் தமிழுக்கு வேண்டாம், சொல் சொல்லாக வரட்டும்.

எந்த மென்பொருளிலும் வேலையைத் தொடங்குமுன் 'கொடுத்துப் பெற்றோம், கௌரி, ஸ்ரீ' என்று அடித்துப் பாருங்கள். இவை ஒழுங்காக வந்தால் மற்றவை பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லையா, தமிழ் சரியாக வரும் வேறொரு மென்பொருளில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவாருங்கள். கடைசியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து எல்லா டைட்டிலையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் கல்யாண வீட்டுக்கும் திருத்திய வீடியோவை அனுப்பிவிடுங்கள், காசு வாங்காமல்.

தைப்பூசக் காவடியைப் போனில் முக்கால் மணி நேரம் எடுத்தேன். போகப் போக உறுமி சத்தம் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். (ஈசூன் வாசகர்)

போன் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டில் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) எடுப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று வைத்து மாற்றி, அந்தப் பிரதியை எடிட் செய்யுங்கள். 30-இல் எடுத்திருந்தால் டைம்லைனும் 30. பிரீமியர் இப்போதெல்லாம் ஓரளவு சமாளிக்கிறது, இவ்வளவு நீளமான கிளிப்புக்கு நம்ப மாட்டேன். மூல ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள்.

மண்டபத்தில் எடுத்த வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது. எடிட்டிங்கில் சரிசெய்ய முடியுமா? (செங்காங் வாசகி)

பெரும்பாலும் ஷட்டர் பிரச்சினை. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகளும் அதற்கேற்பத் துடிக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்திருந்தால் வந்திருக்காது. ஐபோன் என்றால் கேமரா செட்டிங்ஸில் 'PAL' ஃபார்மட்டைத் திறந்துவிட்டால் 25 கிடைக்கும். எடுத்ததைச் சரிசெய்ய ரிசால்வில் டீஃபிளிக்கர் என்ற எஃபெக்ட் இருக்கிறது, ஆனால் கட்டண ஸ்டுடியோ பதிப்பில்தான். சுமார் 300 அமெரிக்க டாலர். முழுசாகப் போகும் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு வயது 46. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசின் பயிற்சி உதவி) பணத்தில் எடிட்டிங் வகுப்பு போகலாமா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

தாராளமாக. 25 வயது ஆன சிங்கப்பூரர்களுக்கு 500 வெள்ளி, 40 வயது ஆனவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து கூடுதலாக 4,000 வெள்ளி. அந்த 4,000-ஐ எல்லா வகுப்புக்கும் பயன்படுத்த முடியாது, பட்டியலைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். சேருமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: திருத்தாத முழுக் கிளிப்புகளைக் கொடுத்து வெட்டச் சொல்வார்களா, வெட்டியதைப் பார்த்துக் குறை சொல்வார்களா? இரண்டு நாளும் மெனுவைக் காட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்பு என்றால் வேண்டாம்.

ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக எந்த டிரான்சிஷன் அழகு? (தோ பாயோ மாணவி)

கட்.

யூடியூபுக்கு எந்த செட்டிங்கில் வெளியே எடுப்பது? ஃபைல் 40 ஜிபி வருகிறது. (சுவா சூ காங் வாசகர்)

40 ஜிபி வருகிறது என்றால் புரோரெஸ் மாதிரி பெரிய ஃபைல் தரும் ஏதோ ஒரு வடிவத்தில் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள்தான் சொல்லவில்லையே. எச்.264, எம்பி4 வடிவத்தில் எடுங்கள். 1080-க்கு நொடிக்கு 10 மெகாபிட் போதும், 4கே என்றால் 40. ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ், பேச்சு உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல். அந்த 40 ஜிபி ஃபைலை மாஸ்டராக இன்னொரு டிஸ்க்கில் வைத்துவிட்டு, சின்னதை ஏற்றுங்கள்.