‘அது ஜென்ட்ஸ் போஸ்ட் மேடம்’

கேள்வி: எம்.காம். முடித்திருக்கிறேன், வயது 31. ஏழு ஆண்டுகள் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், பேங்க் வேலை எல்லாவற்றையும் தனியாகப் பார்த்தேன். குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு இப்போது மறுபடி தேடுகிறேன். போன மாதம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கோவை கம்பெனி ஒன்றின் விளம்பரம் வந்தது. ‘அக்கவுண்ட்ஸ் மேனேஜர்: துடிப்பான, பிரஷரைத் தாங்கக்கூடிய, டார்கெட்டை முடித்துக் காட்டும் இளைஞர்கள் தேவை. அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்: அனுசரித்துப் போகும் குணமும் நல்ல தோற்றமும் உள்ள, திருமணமாகாத பெண்கள் தேவை.’ மேனேஜர் வேலைக்கு விண்ணப்பித்தேன். எச்.ஆரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது: “அது ஜென்ட்ஸ் போஸ்ட் மேடம். அசிஸ்டென்ட்டுக்குப் பார்க்கலாம்னா, உங்களுக்கு மேரேஜ் ஆயிடுச்சே.” இதைச் சட்டம் அனுமதிக்கிறதா? அடுத்த இன்டர்வியூவுக்குத் தாலியை உள்ளே தள்ளிவிட்டுப் போ, கல்யாணம் ஆனதையே சொல்லாதே என்கிறாள் தோழி. செய்யலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதல் வேலையாக அந்த வாய்ஸ் மெசேஜைக் காப்பாற்றுங்கள். குழுவில் ‘மறையும் செய்திகள்’ போட்டிருந்தால் விளம்பரம் தானாகவே போய்விடும். இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். போனை மாற்ற நினைத்திருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். இத்தகைய மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். செய்தி வந்த போன் கையிலேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெறும் விளம்பரத்தை வைத்துக்கொண்டு போனால் கம்பெனியின் வக்கீல் என்ன எழுதுவார் என்று எனக்கு இப்போதே தெரியும்: ‘இளைஞர்கள் என்பது பலர்பால். அதில் பெண்களும் அடக்கம்.’ இலக்கணப்படி அவர் சொல்வது சரிதான். மேலாளர், காசாளர், ஓட்டுநர் என்று நம் பதவிப் பெயர்கள் பலவும் இரு பாலுக்கும் பொருந்துகிறவை. ஆனால் இரண்டு வரி தள்ளி ‘பெண்கள்’ என்று தெளிவாக எழுதத் தெரிந்தவர், மேலே ‘இளைஞர்கள்’ என்று எழுதும்போது யாரை மனதில் வைத்திருந்தார்? ஊருக்கே தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கோர்ட்டில் ஊருக்குத் தெரிந்தது போதாது. ‘ஜென்ட்ஸ் போஸ்ட்’ என்று அவர்கள் ஆளே வாய்விட்டுச் சொன்ன பிறகு பலர்பால் வாதம் நிற்காது.

இனி சட்டம். அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியார் கம்பெனியை அதைக் காட்டி நேரடியாகக் கேட்க முடியாது. தனியாருக்கு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இருந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆள் எடுக்கும்போது பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பெண்களை அந்த வேலையில் வைக்க வேறு சட்டமே தடையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. கணக்கு எழுத அப்படி எந்தத் தடையும் கிடையாது. பழைய சட்டம் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை மட்டும் பேசியது. புதியது பொதுவாகப் ‘பால்’ என்கிறது. ஆகவே ‘அசிஸ்டென்ட் வேலைக்குப் பெண்கள்’ என்பதும் இடிக்கிறது. அந்த வேலை தேடும் ஒரு பையன்கூடக் கேட்கலாம்.

‘மேனேஜர் ராத்திரி வரை இருக்கணும், அதனாலதான்’ என்று சமாளிப்பார்கள். தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இருந்த இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே ரத்து செய்துவிட்டது. இப்போதைய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 43ஆம் பிரிவும், எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலையிலும் பெண்களை அமர்த்தலாம், அவர்கள் சம்மதித்தால் இரவு 7 மணிக்கு மேலும் வேலை தரலாம் என்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்வது முதலாளியின் பாடு.

‘துடிப்பான’, ‘அனுசரித்துப் போகும்’ போன்ற அடைமொழிகளைப் பற்றிக் கேட்டால், இந்தச் சொற்களுக்காக யாரையும் தண்டிக்கச் சட்டம் இல்லை. ஆனால் அந்த விளம்பரத்தின் இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் கணக்கு வேலை. சம்பளம் கூடுதலான நாற்காலிக்குத் துடிப்பு, குறைவான நாற்காலிக்கு அனுசரிப்பு. இன்புட் டாக்ஸ் கிரெடிட்டைச் சரிபார்க்க நல்ல தோற்றம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆண்சாயல் சொற்கள் மிகுந்த விளம்பரம் பெண்களை அவ்வளவாக ஈர்ப்பதில்லை என்று 2011இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. தகுதி இல்லை என்று அவர்கள் நினைப்பதால் அல்ல, ‘இது நமக்கான இடமில்லை’ என்று தோன்றிவிடுவதால். நீங்கள் அதையும் மீறி விண்ணப்பித்திருக்கிறீர்கள். அதனால்தான் அவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. புகாரில் இந்த அடைமொழிகளை அப்படியே மேற்கோளாகப் போடுங்கள். குற்றமாக அல்ல, நோக்கத்தைக் காட்டும் சாட்சியமாக.

‘திருமணமாகாத’ என்ற நிபந்தனை சிக்கலானது. திருமணமானவர் என்று வேலை மறுப்பதை ஊதியச் சட்டத் தொகுப்பு பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் அந்த நிபந்தனை பெண்களுக்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. மேனேஜர் இளைஞருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அப்படியானால் அது பால் பாகுபாடுதான் என்பது என் வாதமாக இருக்கும். 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது, நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது நினைவிருக்கும். அதே ஆண்டு நவம்பரில், விளம்பரங்களில் பால், வயது, திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டாம் என்று அந்நிறுவனம் ஆள்சேர்ப்பு முகவர்களுக்குச் சொன்னதாகவும் செய்தி வந்தது. வெளியிலிருந்து கேள்வி வந்தால் விளம்பரத்தின் மொழி மாறுகிறது.

எங்கே போவது? ஊதியச் சட்டத் தொகுப்பின்படி இந்தக் குற்றத்துக்கு நேராக கோர்ட்டில் புகார் கொடுக்க ‘ஊழியர்’, பதிவுபெற்ற தொழிற்சங்கம், அரசு அதிகாரி ஆகியோருக்குத்தான் உரிமை. நீங்கள் இன்னும் ஊழியர் ஆகவில்லை. ஆகவே கோவையில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகலை மாநில மகளிர் ஆணையத்துக்கும் அனுப்பலாம். அபராதம் 20,000 ரூபாய் வரைதான். அதற்கும் முன்னால் தவறைத் திருத்திக்கொள்ள நிறுவனத்துக்கு வாய்ப்புத் தர வேண்டும். பழைய சட்டத்தில் முதல் தடவைக்கே சிறைத் தண்டனை தர இடம் இருந்தது, இப்போது ஐந்து ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான். தொழிலாளர் பக்கம் நிற்கிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை, எனக்கும்தான். அந்த வேலையையோ நஷ்ட ஈட்டையோ இந்தப் புகார் உங்களுக்குப் பெற்றுத் தராது என்பதையும் தெரிந்துகொண்டே கொடுங்கள்.

கடைசியாகத் தாலி விஷயம். எல்ஐசியில் பயிற்சியில் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கடைசி மாதவிலக்குத் தேதி வரை படிவத்தில் கேட்டார்கள். அதில் தவறாக எழுதினார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கச் சொன்னது. அது அரசு நிறுவனம். தனியாரிடம் பொய் எழுதினால் நாளைக்கு உங்களை அனுப்ப அதையே காரணமாக்குவார்கள். கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள். நேரில் கேட்டால், “இந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் சார்?” என்று திருப்பிக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வீடு திரும்பியதும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.