மதிய மாத்திரை யார் கையில்?

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியின் மருத்துவ அறையில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். பள்ளி நேரத்தில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது பற்றி நம் பக்கத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோட்டையூரிலிருந்து ஒரு தாய்): ஆச்சி, என் ஏழு வயது மகளுக்கு டாக்டர் மூன்று வேளை சிரப் எழுதியிருக்கிறார். மதிய வேளையை டீச்சரிடம் கொடுத்துவிடட்டுமா?

பதில்: அதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, மதிய வேளையைத் தள்ளி வைக்கலாமா என்று. பல மருந்துகளைக் காலையில் கிளம்பும்போது, சாயங்காலம் வந்ததும், இரவு படுக்கும்போது என்று மூன்று வேளையும் வீட்டிலேயே கொடுத்துவிடலாம். எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம். மதியம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பாட்டிலை அளவு மூடியோடு அனுப்புங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. 5 மில்லி என்றால் மூடியில் கோடு பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் கலந்து கரைக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப் சிலவற்றை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பள்ளியில் அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (தேவகோட்டை அருகே ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை): மாத்திரையைத் தாளில் மடித்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

பதில்: சங்கடப்படாதீர்கள் டீச்சர். தாளில் மடித்து வந்ததைக் கொடுக்காதீர்கள். உடனே வீட்டுக்குப் போன் போட்டு, அட்டையோடும் டாக்டர் சீட்டின் நகலோடும் யாரையாவது வரச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பேரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடமே தங்கிவிடும். அதையும் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பையன். மதியம் 12:30க்கு வகுப்பாசிரியை கொடுத்துவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த பாடவேளைக்கு வந்தவர் டைரியில் அம்மா எழுதியிருந்ததைப் பார்த்து, விட்டுப்போயிருக்கும் என்று இன்னொன்று கொடுத்துவிட்டார். பிள்ளை மேசையில் சாய்ந்து தூங்கித் தூங்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்துக்கொண்டான். இரண்டு பேருமே நல்ல மனதோடு செய்தவர்கள்தான். எழுதி வைக்கத்தான் ஒரு நோட்டு இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது: ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் மருந்து கொடுக்க வேண்டும், அவர் லீவு என்றால் இன்னார் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கொடுத்த கையே அந்த நிமிடமே தேதி, நேரம், பிள்ளை பேர், மருந்து, அளவு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளை துப்பிவிட்டாலும், அன்று கொடுக்கவில்லை என்றாலும் அதையும் எழுதுங்கள். அப்புறம், ஐயா பேரையும் அப்பத்தா பேரையும் பேரப்பிள்ளைகளுக்கு வைக்கிற ஊர் நம்முடையது. ஒரே வகுப்பில் இரண்டு வள்ளியப்பன் இருப்பான். முழுப்பெயரையும் அப்பா பேரையும் பிள்ளை வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி (பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆயா): மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பேத்திக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறோம். பள்ளியில் ஊசி வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: அம்மா, இது பள்ளி மறுக்கக் கூடிய விஷயமில்லை. வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் இந்தப் பிள்ளைகளை அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தலைமையாசிரியரை நேரில் பாருங்கள், டாக்டர் எழுதிய திட்டத்தைக் கையில் கொடுங்கள்.

ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வைக்கக் கூடாது என்பதை ஆசிரியரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பிள்ளைக்கு உடம்பு நடுங்கி, வேர்த்து, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். தனியாக எங்கேயும் அனுப்பக் கூடாது. நினைவு தப்பினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரில் படாமல் இருக்க வேண்டும். பயன்படுத்தும் இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசி) வெயில் படாமல் வெளியில் வைக்கலாம். ஆனால் நம்மூர் சித்திரை வெயிலில் வகுப்பறையும் பள்ளி வேனும் அடுப்பாகிவிடும். ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் சின்னச் சட்டி ஒன்றை இறக்கி, அதில் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (காரைக்குடி உடற்கல்வி ஆசிரியர்): ஆஸ்துமா பிள்ளைகளின் இன்ஹேலரை அலுவலக பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். சரிதானே?

பதில்: இல்லை தம்பி. சாவி வைத்திருப்பவர் சிவகங்கைக்கு மீட்டிங் போயிருக்கும் நாளில்தான் பிள்ளைக்கு மூச்சு இழுக்கும். உடனடி நிவாரண இன்ஹேலர் பிள்ளையின் பையில், சின்னப் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும். விளையாட்டு நேரத்தில் மைதானத்துக்கும் வர வேண்டும். அமுக்கி அடிக்கும் இன்ஹேலரை ஸ்பேசர், அதாவது அதன் வாயில் மாட்டும் குழல், வைத்து உறிஞ்சினால் மருந்து நெஞ்சுக்கு நன்றாகப் போகும், இல்லையென்றால் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பெற்றோர் ஒளித்து வைப்பதுண்டு. தயவுசெய்து அந்தப் பயத்தை விடுங்கள்.

கேள்வி (அதே ஆசிரியர்): வலிப்பு வந்தால் சாவியைக் கையில் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இரும்பால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரம் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மூக்கில் அடிக்கும் மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், எப்போது, எத்தனை முறை என்று அதில் இருக்கிறபடி அடியுங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான், ஒரு தந்தை): பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்கள். மகள் வயிறு புரட்டுகிறது என்கிறாள்.

பதில்: அது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும். வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். கூடவே டீ, காபி வேண்டாம். மலம் கறுத்துப் போவது சாதாரணம். அவள் வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாள் என்றால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பெயர் சொல்லாத ஆசிரியை): காய்ச்சல் என்றால் என் பையிலிருக்கும் பாராசிட்டமால் பாதி கொடுத்துவிடுவேன். தப்பா?

பதில்: ஆமாம் டீச்சர். பிள்ளைகளுக்கு அளவு எடை பார்த்துத்தான். வீட்டில் காலையிலேயே ஒரு வேளை கொடுத்துவிட்டு அனுப்பியிருப்பார்கள், உங்களுக்குத் தெரியாது. தலைவலி மாத்திரை என்று ஆஸ்பிரின் கொடுத்துவிட்டால் இன்னும் ஆபத்து. ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் கொடுத்து, அம்மாவுக்குப் போன் போடுங்கள். அவர் வந்து சேரும் வரை பிள்ளையைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.