முதல் ஈற்றுக்குக் காத்திருக்கும் நாய்

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் நாய் முதன்முறையாகச் சினையாக இருக்கிறது. இணை சேர்ந்து 56 நாள்கள் ஆகின்றன. குட்டி போடும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எப்போது மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள்; சில நாள்கள் முன்பின் ஆகலாம். இப்போதே ஓர் எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளை எண்ணிக்கொண்டால், கடைசிக் குட்டி உள்ளே தங்கிவிட்டதோ என்று பிறகு தவிக்க வேண்டியிருக்காது.

இன்றிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101 டிகிரிக்கு மேல் இருக்கும் வெப்பம் 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி தொடங்கிவிடும். தீனியை மறுப்பது, மூச்சிரைப்பது, நடுங்குவது, பழந்துணியைப் பிறாண்டி இடம் அமைப்பது எல்லாம் அதன் முதற்கட்டம். இது 12 மணி நேரமோ, முதல் ஈற்றில் அதற்கு மேலோ நீடிக்கலாம். அந்நேரத்தில் அக்கம்பக்கத்தார் சூழ்ந்து நின்று செல்பேசியில் படம் பிடித்தால், மிரண்ட நாய்க்கு வலியே நின்றுபோகக்கூடும் என்பதால், அது நம்பும் ஒருவர் மட்டும் அருகில் இருந்தால் போதும்.

குட்டிகள் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேர இடைவெளியில் வரும். பின்னங்கால் முன்னதாக வருவதும் இயல்பே. தாய் உடனே பனிக்குடச் சவ்வை நக்கிக் கிழிக்காவிட்டால், நீங்களே முகத்திலிருந்து அதை அகற்றி, உலர்ந்த துணியால் குட்டியை நன்கு தேய்த்துவிடுங்கள். பாதி வெளிவந்த குட்டியைப் பலமாக இழுப்பதும், மருந்துக்கடையில் பிரசவ வலியைத் தூண்டும் ஊசி வாங்கிப் போடுவதும் கூடவே கூடாது. வழி அடைபட்டிருக்கும்போது அந்த ஊசி கருப்பையையே கிழித்துவிடலாம்.

அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும், முதல் குட்டி வருமுன்பே கரும்பச்சை நீர் கசிந்தாலும் உடனே கிளம்பிவிடுங்கள். குட்டி பிறந்தபின் அதே நிற நீர் வருவது நஞ்சுக்கொடியின் நிறமே என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

ஸ்பிட்ஸ் போன்ற சிறிய இனங்களுக்குக் குட்டி போட்ட முதல் நான்கு வாரங்களில் பால் சுரப்பால் சுண்ணாம்புச்சத்து குறைந்து, உடல் விறைத்து வலிப்பு வரலாம். தாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ குட்டிகளைப் பிரித்துவிட்டு, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அதைத் தடுப்பதாக எண்ணிச் சினைக்காலத்திலேயே கால்சியம் மாத்திரை கொடுத்துவருகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் உடலின் பழக்கத்தை அது மந்தப்படுத்திவிடும்.