முகவரியைக் கொடுப்பதும் பொருளைக் கொடுப்பதும்

வணக்கம் ஐயா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். புறக்கோட்டைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற சிறிய இடமொன்றில் வேலை. மூல நிரல் சி பிளஸ் பிளஸ்ஸில். விலைக்கழிவு, வற் (பெறுமதி சேர் வரி) விதிகள் மட்டும் லூவா 5.4 என்ற மொழியில் எழுதிய ஸ்க்ரிப்டில். சித்திரைப் புத்தாண்டுக்குக் கழிவு மாறினால் முழு நிரலையும் திரும்பக் கம்பைல் செய்யாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முதலில் பில்லின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டேபிள் (லூவாவின் பெயர்-மதிப்பு அட்டவணை) செய்து ஸ்க்ரிப்டுக்குக் கொடுத்தோம். அது மெதுவானது என்று நண்பர் சொன்னதால், வெக்டரில் (சி பிளஸ் பிளஸ்ஸின் வளரும் பட்டியலில்) இருக்கும் பொருளின் நினைவக முகவரியை லைட் யூசர்டேட்டாவாகக் கொடுக்கத் தொடங்கினோம். சிறிய பில்களில் பிரச்சினை இல்லை. நீண்ட பில்களில் சிலவேளை நிரல் விழுந்துவிடுகிறது. சில பில்களில் வற் பூச்சியம் என்று வருகிறது. சில தமிழ்ப் பெயர்களின் கடைசி எழுத்துகளுக்குப் பதிலாகப் பெட்டி வருகிறது. லூவாவை இன்னும் வேகமாக ஓட்டும் லூவாஜிட்டுக்கு மாறினால் சரிவருமா? தரவைப் பகிர மிக வேகமான வழி எது?

ச., கொழும்பு 6

அன்புள்ள ச.,

இரண்டு மொழிகள் ஒரே தரவைத் தொடும்போது அது யாருடையது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் அதற்குள் வந்து சேர்ந்தது. விதிகளை ஸ்க்ரிப்டில் வைத்தது நல்ல முடிவு. கடைக்காரர் மாலையில் கேட்ட மாற்றத்தை மறுநாள் காலையில் கொடுக்க முடிகிறதென்றால் அதில் உங்கள் அக்கறை தெரிகிறது.

ஆனால் வேகம், வேகம் என்று ஏன் இப்படி அவசரப்படுகிறீர்கள்? நாற்பது வரி பில்லில் வரிக்கு ஐந்து புலம் என்றால் இருநூறு முறை டேபிளில் எழுத வேண்டும். ஒரு மில்லிசெக்கன்கூட ஆகாது. பில் அடிக்கும் பிரின்டர் அதைவிடப் பல நூறு மடங்கு நேரம் எடுக்கும். அளந்து பார்த்தீர்களா? கடிதத்தில் ஒரு அளவும் இல்லை. நண்பர் சொன்னார் என்பது அளவு ஆகாது. லூவாஜிட் பேச்சையும் விடுங்கள். அது லூவா 5.1 மொழியைப் பின்பற்றுவது. லூவா 5.3இல் வந்த முழுவெண் வகையும் விடையைக் கீழ்நோக்கி முழுமையாக்கும் இரட்டைச் சாய்கோட்டு (//) வகுத்தலும் அதில் இல்லை. உங்களுக்கு இப்போது தேவையானவை அவைதான்.

ஏனென்றால் அந்தப் பூச்சிய வற் அங்கேதான் பிறக்கிறது. சதக் கணக்கில் 12555 இருக்கிறது என்று வையுங்கள். 18 வீத வற்றுக்கு அதை 18ஆல் பெருக்கி ஒற்றைச் சாய்கோட்டால் (/) 100க்கு வகுத்தால் 2259.9. ஒற்றைச் சாய்கோடு எப்போதும் தசம எண்ணையே தரும். அதை சி பிளஸ் பிளஸ் பக்கத்தில், லூவாவின் எண்ணை முழுவெண்ணாக வாங்கும் டுஇன்டிஜர் ஃபங்ஷன் கொண்டு எடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். முழுவெண்ணாக மாற்ற முடியாத எண்ணுக்கு அது சத்தமில்லாமல் 0 தரும். 12550க்கு விடை 2259.0, அது மாறிவிடும். சில பில்களில் மட்டும் பூச்சியம் வருவது இதனால்தான். செக்இன்டிஜர் பாவித்திருந்தால் முதல் நாளே பிழை காட்டியிருக்கும். இந்தப் பில்லுக்கு நாளை இறைவரித் திணைக்களத்துக்குப் பதில் சொல்லப்போவது கடைக்காரர், நீங்கள் அல்ல. 18ஆல் பெருக்கி, 50 கூட்டி, இரட்டைச் சாய்கோட்டால் 100க்கு வகுத்துவிடுங்கள், 2260 வரும். அதே சூத்திரத்தை சி பிளஸ் பிளஸ்ஸிலும் எழுதி வைக்காதீர்கள். பொருள் திரும்பி வந்து தொகை -12555 ஆகும்போது லூவா கீழ்நோக்கி வகுத்து -2260 தரும்; சி பிளஸ் பிளஸ் பூச்சியத்தை நோக்கி வெட்டி -2259 தரும். ஒரு சதம் எங்கே போனது என்று ஒரு கிழமை தேடுவீர்கள். வரிக்கணக்கு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

இனி முகவரிக்கு வருகிறேன்.

லைட் யூசர்டேட்டா வெறும் ஒரு பொயின்டர், அதாவது ஒரு நினைவக முகவரி. அது எதைக் காட்டுகிறது, காட்டப்படுவது இன்னும் இருக்கிறதா என்பது எதுவும் லூவாவுக்குத் தெரியாது. ஒரு மதிப்பு எந்த வகை, எப்படி நடக்கும் என்று சொல்லும் டேபிளுக்கு மெட்டாடேபிள் என்று பெயர்; எல்லா லைட் யூசர்டேட்டாவுக்கும் சேர்த்து ஒரே மெட்டாடேபிள்தான். ஆகவே வாடிக்கையாளரின் முகவரியைப் பொருளின் முகவரி என்று ஸ்க்ரிப்ட் தவறுதலாகக் கொடுத்தாலும் தடுக்க வழியில்லை. வெக்டரோ நிரம்பியதும் வேறு இடத்தில் பெரிதாக நினைவகம் எடுத்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகும். ஜிசிசி கம்பைலரில் அது இரட்டிப்பாக வளரும்: 8, 16, 32, 64. முப்பத்துமூன்றாவது பொருள் சேர்ந்ததும் முதல் முப்பத்திரண்டின் பழைய முகவரிகளும் செத்துவிடும். வாடகைக்கு இருந்தவர் வீடு மாறிப் போன பிறகு பழைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது உங்கள் ஸ்க்ரிப்ட்.

முதலிலேயே ஆயிரம் இடத்துக்கு ரிசர்வ் செய்துவிட்டால் போதும் என்று சொல்வீர்கள். போதாது. காசாளர் ஐந்தாவது வரியை நீக்கினால் ஆறாவது வரி ஐந்தாம் இடத்துக்கு நகரும். முகவரி உயிரோடுதான் இருக்கும், அங்கே இருப்பது வேறு பொருள். பால்மாவுக்கான கழிவு பருப்பில் விழும். நிரல் விழாது, எச்சரிக்கையும் வராது, தப்பான பில் அச்சாகி வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரும். நிரல் விழுவதைவிட இது மோசம். இதைத்தான் நீங்கள் வேகம் என்று வாங்கியிருக்கிறீர்கள்.

பகிர்வதற்கு முன் ஒவ்வொரு தரவுக்கும் உரிமையாளர் யார் என்று முடிவு செய்யுங்கள். சின்னத் தரவு என்றால் பழையபடி டேபிளாக நகலெடுத்துக் கொடுங்கள். நகலுக்கு லூவா உரிமையாளர், மூலத்துக்கு சி பிளஸ் பிளஸ். மூலத்தையே ஸ்க்ரிப்ட் தொட வேண்டுமென்றால் முகவரியைக் கொடுக்காமல் இட எண்ணையும், அந்த இடம் எத்தனை முறை காலியானது என்று எண்ணும் தலைமுறை எண்ணையும் கொடுங்கள். தலா 32 பிட், மொத்தம் 8 பைட், லூவாவே நினைவகம் ஒதுக்கிப் பராமரிக்கும் ஒரு ஃபுல் யூசர்டேட்டாவுக்குள். வரியை நீக்கும்போது மற்றவற்றை நகர்த்தாமல் அந்த இடத்தைக் காலி என்று குறித்து, அதன் தலைமுறை எண்ணை ஒன்று கூட்டுங்கள். யூசர்டேட்டாவுக்குச் சொந்த மெட்டாடேபிள் போடுங்கள். வாசிக்கும் ஃபங்ஷன் முதலில் செக்யூடேட்டாவால் வகையைப் பார்க்கும், பிறகு இட எண் எல்லைக்குள் இருக்கிறதா, தலைமுறை பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் ‘இந்த வரி பில்லில் இல்லை’ என்று பிழை எறியட்டும். எழுதும் ஃபங்ஷன் கழிவுப் புலத்தை மட்டும் அனுமதிக்கட்டும். விலையை மாற்ற ஸ்க்ரிப்டுக்கு என்ன உரிமை?

மறுபக்கமும் இதே கதைதான். லூவாவின் ஃபங்ஷனையோ டேபிளையோ சி பிளஸ் பிளஸ் பிறகு தேவைப்படுமென்று வைத்திருந்தால் லூவா அதைக் குப்பை என்று அள்ளிவிடாமல் ரெஜிஸ்ட்ரியில் (இதற்கென்றே லூவா வைத்திருக்கும் டேபிளில்) ரெஃப் போட்டு வையுங்கள், முடிந்ததும் அன்ரெஃப் செய்யுங்கள். லூவாவின் சரத்தை வாங்கும் டுஸ்ட்ரிங் தரும் பொயின்டர், அந்தச் சரம் ஸ்டாக்கில் (இரு மொழியும் மதிப்புகளைக் கைமாற்றும் அடுக்கில்) இருக்கும்வரைதான் உங்களுக்கு. பொப் செய்யும் முன், அதாவது அடுக்கிலிருந்து அகற்றும் முன், நகலெடுத்துவிடுங்கள். இன்னொன்று: லூவா சாதாரண சி ஆகக் கம்பைல் ஆகியிருந்தால் பிழை லாங்ஜம்ப் வழியாக இடையிலுள்ள ஃபங்ஷன்களைத் தாண்டித் தாவும், பொருள் மறையும்போது அதன் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் சி பிளஸ் பிளஸ் டிஸ்ட்ரக்டர்கள் இடையில் ஓடா. ஆகவே எல்லாச் சரிபார்ப்பையும் ஃபங்ஷனின் தலையில் முடித்துவிட்டு அதன் பிறகே ஸ்ட்ரிங், வெக்டர் எதையும் உருவாக்குங்கள். அல்லது லூவாவையே சி பிளஸ் பிளஸ் ஆகக் கம்பைல் செய்யுங்கள். பிழை எக்ஸெப்ஷனாக வரும்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. பெயருக்கு 32 பைட் கார் அரே (நீளம் மாறாத எழுத்து வரிசை) வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், சிங்களத்துக்கும் அப்படியே. ‘வெள்ளவத்தை’ 10 குறியீடு, 30 பைட், சரத்தின் முடிவைக் குறிக்கும் பூச்சியத்தோடு 31, உள்ளே அடங்கும். ‘பம்பலப்பிட்டி’ 13 குறியீடு, 39 பைட். 31 பைட்டில் வெட்டினால் ‘பம்பலப்பிட’ வரை வந்து, அடுத்த குறியீட்டின் முதல் பைட் மட்டும் தொங்கும், பெட்டி அதுதான். உங்கள் ஊர்ப் பெயரை வைத்து மட்டும் சோதித்துவிட்டு அனுப்பினீர்களோ? பாதி மக்களின் பெயரை அறுக்கிற பில்லை இந்த நகரத்தில் விற்கக் கூடாது. அரேயைத் தூக்கிவிட்டு ஸ்ட்ரிங் பாவியுங்கள், நீளத்தோடு புஷ்எல்ஸ்ட்ரிங்கில் தள்ளுங்கள். பிரின்டருக்காக வெட்டத்தான் வேண்டுமென்றால் குறியீட்டு எல்லையில் வெட்டினாலும் போதாது. அடுத்த குறியீடு புள்ளியோ உயிர்க்குறியோ என்றால் ஒரு எழுத்து பின்னால் போய் வெட்டுங்கள்.

இந்த மாற்றங்களைச் செய்யும் முன், இப்போதுள்ள நிரலை, செத்த முகவரியைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு கம்பைல் செய்து, ஸ்க்ரிப்ட் முதல் வரியைக் கையில் வைத்திருக்கும்போதே 33 வரி வரை பில்லை வளர்த்துப் பாருங்கள். பிடித்துவிடும். ஐந்தாவது வரியை நீக்கும்போது வரும் பிழையை அது பிடிக்காது. அந்த நினைவகம் செல்லுபடியானது. அதைப் பிடிக்கப்போவது தலைமுறை எண் மட்டும்தான், அதனால் அந்தச் சோதனையை எழுதி ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் ஓட்டுங்கள்.