ஒரு நாள் நாரோபோட், ஒளிந்திருக்கும் பில்: கேள்வி-பதில்

கோடைக்கு முன்பதிவு சூடுபிடித்துவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பிரிட்டனின் கால்வாய்களில் ஓடும் நாரோபோட் என்ற ஒடுக்கமான நீளப் படகுகளைப் பற்றித்தான்.

கேள்வி: நாரோபோட் ஓட்ட லைசென்ஸ் வேண்டாமாமே? நான் கார்கூட ஓட்டியதில்லை. (வாசகி, ஹாரோ)

பதில்: வாடகைக்கு எடுத்து ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. டில்லரை (படகைத் திருப்பும் கைப்பிடி) இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும், பிரேக் கிடையாது. படகைக் கொடுக்கும்போது காட்டித் தருவார்கள். அந்த நேரத்தில் செல்ஃபி எடுக்காமல் கவனியுங்கள்.

கேள்வி: இணையதளத்தில் ஒரு நாள் வாடகை 180 பவுண்டு என்றிருந்தது. கார்டு எண் போடும் பக்கத்தில் ‘டேமேஜ் வெய்வர்’ (சேதத்துக்கு உங்களிடம் பணம் கேட்காமலிருக்க என்று வாங்கும் கட்டணம்) 45, டீசல் 25 சேர்ந்து 250 ஆகிவிட்டது. இரண்டையும் எடுக்க வழியில்லை. கட்டிவிட்டேன். இது நியாயமா? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: நியாயமில்லை. எனக்கு வயிறு எரியும் விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டெபாசிட் வேறு, வெய்வர் வேறு. டெபாசிட் என்றால் படகை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்ததும் பணம் திரும்பி வரும். வெய்வர் போனால் போனதுதான், படகில் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும் வராது. ‘காப்பீடு மாதிரி’ என்று விற்பார்கள். சின்ன எழுத்தில் போய்ப் பார்த்தால், உங்கள் கவனக்குறைவால் வந்த சேதத்துக்கு அது பொருந்தாது என்று எழுதியிருப்பதும் உண்டு. அப்புறம் எதற்குத்தான் பொருந்தும்?

வேண்டாம் என்று சொல்ல முடியாத கட்டணம் எதுவானாலும் அது விலையின் ஒரு பகுதி. பிரிட்டனில் 2024-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி, 2025 ஏப்ரல் 6 முதல் இப்படிக் கட்டாயமான கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும். ஓடிய நேரத்துக்கு ஏற்ப டீசல் என்றால், அதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று முன்பே சொல்லியாக வேண்டும். நிறுவனத்துக்கு இதைக் குறிப்பிட்டு எழுதி, 70 பவுண்டையும் திருப்பிக் கேளுங்கள். விலை காட்டிய பக்கத்தைப் படம் பிடித்து இணையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். மசியாவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அவர்கள் அதை வணிகர்களைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: வார்விக் பக்கம் காலை 9 முதல் 5 வரை படகு. ஹாட்டன் லாக் (படகை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வரிசையில் ஏறி, இறங்கித் திரும்பிவிடலாமா? பணம் கட்டியாயிற்று. (வாசகர், லெஸ்டர்)

பதில்: முடியாது. அங்கே 21 லாக். பழகாத கைக்கு ஒவ்வொன்றும் 15, 20 நிமிடம் பிடிக்கும். ஏறுவதற்கே 5 மணி நேரம் தாண்டிவிடும். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல், நிஜத்தில் 3 போனால் அதிகம். நீளப் படகை நினைத்த இடத்தில் திருப்பவும் முடியாது, அதற்கென்று அகலப்படுத்திய இடம் வரவேண்டும். லாக்குக்குள் போக அனுமதி உண்டா, எங்கே திருப்புவது என்று பணம் கட்டும் முன் கேட்டிருக்கலாம். ஐந்து நிமிட போன்தானே?

கேள்வி: வேல்ஸில் ஆற்றுக்கு மேல் பாலத்தில் ஓடும் பொண்ட்கசுல்ட்டெ பாலக் கால்வாயில் போக புக் செய்தோம். அம்மாவுக்கு உயரம் என்றால் பயம் என்று இப்போதுதான் சொல்கிறார். 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்தானே? (வாசகி, பர்மிங்ஹாம்)

பதில்: குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குப் பதிவுக்கு அந்த 14 நாள் உரிமை கிடையாது. அம்மா பயப்படுவதிலும் தப்பில்லை: 1805-இல் திறந்த அந்தப் பாலம் ஆற்றுக்கு மேல் சுமார் 38 மீட்டர் உயரம். கைப்பிடிக் கம்பி நடைபாதைப் பக்கம் மட்டும்தான், மறுபக்கம் கால்வாய்த் தண்ணீரைத் தாங்கும் இரும்புத் தொட்டியின் விளிம்போடு சரி. படகு பாலத்தின் ஒரு முனையில் உள்ள ட்ரெவரில் கிளம்புகிறதா என்று பாருங்கள். அங்கிருந்து லாங்கொலென் ஊர்ப் பக்கம் போனால் பாலத்தைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: கிளம்பி ஒரு மணி நேரத்தில் பேட்டரி செத்து இன்ஜின் நின்றது. மெக்கானிக் வர நான்கு மணி நேரம். மகளின் பிறந்தநாள் கரையில் கழிந்தது. அடுத்த வருடத்துக்கு வவுச்சர் தருகிறார்களாம். (வாசகர், ரெடிங்)

பதில்: வவுச்சர் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வாடகைப் பொருளும் சரியான தரத்தில் இருக்க வேண்டும். நாளே வீணானதற்கு விலைக்குறைப்பைப் பணமாகக் கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், விலை 100 பவுண்டுக்கு மேல் என்றால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு நிறுவனமும் பொறுப்பு. முன்பணம் மட்டும் கார்டில் போயிருந்தாலும் போதும். மகளுக்கு என் வாழ்த்து.

கேள்வி: ஃபேஸ்புக்கில் பாதி விலைக்குப் படகு. 150 பவுண்டு வங்கி வழியாக அனுப்பினேன். இப்போது போன் எடுக்கவில்லை. (வாசகர், குரோய்டன்)

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள். 2024 அக்டோபர் 7-க்குப் பிறகு இப்படி ஏமாற்றி அனுப்ப வைத்த பணத்தை வங்கி பொதுவாகத் திருப்பித் தர வேண்டும். முதல் 100 பவுண்டு வரை கழித்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு, ஆகவே 50 மட்டுமே வரலாம். ஏமாற்றியவன்தான் திருடன், நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: படகுக்கென்று என்ன வாங்க வேண்டும்? (வாசகி, ஸ்லவ்)

பதில்: கையுறை. லைஃப் ஜாக்கெட் படகுக்காரர்களிடமே கேளுங்கள், குழந்தை அளவு இருக்கிறதா என்றும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று பாதி விலையில் நான் வாங்கிய ஜாக்கெட் தண்ணீரை உள்ளே விட்டது, வெளியேதான் விடவில்லை.

கேள்வி: 12 பேர் படகில் 16 பேர் போகலாமா? நாலு பேர் குழந்தைகள்தான். (வாசகர், வெம்ப்ளி)

பதில்: குழந்தைகளும் தலைகள்தான். 12 என்றால் 12. நாலு பெரியவர்கள் கரைப்பாதையில் நடந்து வரட்டும், அவர்கள்தான் முதலில் போய்ச் சேருவார்கள்.